பிச்சாவரம்: கழிக்குள் ஒரு நாற்றங்கால்

சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளை வழியாகச் செல்லும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் பிச்சாவரம். வழி நெடுகிலும் நெல் வயல்தான். சாலை முடியும் இடத்தில் வயலும் முடிகிறது, அங்கே படகுத்துறை. அதற்கு அப்பால் கடல்வரை கழியும் காடும்தான். 1975-ல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகில் போன இடம் என்று இன்றும் இந்தக் கழியைக் காட்டுவார்கள்.

சுற்றுலா வருகிறவர்கள் சுரபுன்னையின் கொம்பு போன்ற வேர்களைப் பார்க்கிறார்கள். கொக்கையும் நீர்க்காகத்தையும் பார்க்கிறார்கள். படகுக்கு அடியில் உள்ள நீரைப் பார்ப்பவர்கள் குறைவு. அது பெரும்பாலும் இடுப்பளவு, ஆளளவு ஆழமுள்ள கலங்கல் தண்ணீர். ஆனால் அதற்குள்ளும் ஒரு வேளாண்மை நடக்கிறது. அதற்கும் பட்டம் உண்டு, நாற்றங்கால் உண்டு, அறுவடை உண்டு. சாலையோர வயலின் பட்டத்தை எந்த மழையும் எந்த ஆறும் தீர்மானிக்கின்றனவோ, அவையேதான் இந்தக் கழியின் பட்டத்தையும் தீர்மானிக்கின்றன.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

பிச்சாவரத்துக்கு வடக்கே வெள்ளாறு. அது பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. தெற்கே கொள்ளிடம். அது பழையாறு அருகே கடலைச் சேர்கிறது. இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில், மணல் திட்டுக்கு உட்புறமாக அமைந்ததுதான் பிச்சாவரம் அலையாத்திக் காடு. பரப்பு ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்று மேல். சிறிதும் பெரிதுமான திட்டுகளையும் அவற்றைச் சுற்றி வளைந்தோடும் ஓடைகளையும் கொண்டது. சின்னவாய்க்கால் அருகே கடல் நீர் உள்ளே வந்துபோகும் வாய் இருக்கிறது. மேற்கே வயல்களின் வடிநீரைக் கான்சாகிப் வாய்க்கால் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆக, இந்தக் கழிக்கு மூன்று பக்கமும் நல்ல தண்ணீர். ஒரு பக்கம் உப்புத் தண்ணீர்.

இங்குள்ள மரங்களில் ஒன்று தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது இந்த மரத்தால்தான். ஓடைக் கரையில் சுரபுன்னையும், அதற்குப் பின்னால் மேட்டில் வெண்கண்டலும் நிற்கின்றன. மரம் இல்லாத உவர்த் தரையில் உமிரி படர்ந்திருக்கும்.

நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சற்றுக் கூடும். அட்டமி நவமியில் குறையும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். மீன்பிடிப்பவர்களுக்குக் கடிகாரம் இதுதான். பெரிய ஏற்ற இறக்கம் இல்லாததால், கழியின் உப்பு எவ்வளவு என்பதை இங்கே மழையும் ஆறும்தான் பெரிதும் முடிவு செய்கின்றன.

ஆண்டில் நான்கு கழி

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் பல பத்தாண்டுகளாக இந்த நீரை அளந்து வருகிறது. அங்கே ஆண்டை நான்கு பருவமாகப் பிரிப்பது வழக்கம்: ஜனவரி முதல் மார்ச் வரை மழைக்குப் பிந்தைய காலம், ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடை, ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்கு முந்தைய காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். ஒரே படகுத்துறையில் இந்த நான்கு பருவத்திலும் நின்று பார்ப்பவருக்கு நான்கு வேறு கழி தெரியும்.

மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் கழியின் நிறம் மாறிவிடும். வெள்ளாறும் கொள்ளிடமும் செந்நிற வண்டலைக் கொண்டுவரும். கான்சாகிப் வாய்க்காலில் சம்பா வயல்களின் வடிநீர் நுரைத்து வரும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். வெள்ளம் வரும் நாள்களில் கழி நீரில் அது 5 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். உப்பு குறைவதைத் தாங்கும் மீன்கள் மட்டும் நிற்கும். மற்றவை முகத்துவாரத்தை நோக்கிப் போய்விடும். ஆண்டிலேயே மீன் வகைகள் குறைவாக இருக்கும் காலம் இது. மாறாக, ஆற்றில் அடித்துவரப்பட்ட நன்னீர்க் கெண்டைகளும் கெளுத்தியும் ஜிலேபியும் வலையில் விழும்.

ஆனால் இந்த வெள்ளம் ஒரு தார்க்குச்சி போலவும் வேலை செய்கிறது. கழியில் வளர்ந்து பருவம் வந்த இறால், உப்பு குறைந்ததும் கூட்டமாகக் கடலுக்கு இறங்கும். சினை பிடித்த மடவையும் முட்டையிடக் கடலை நோக்கிப் போகும். சேற்று நண்டின் பெண்ணும் முட்டை சுமந்துகொண்டு கடலுக்குத்தான் போகிறது. மழைக்குப் பின் முகத்துவாரத்தில் வலை கட்டுகிறவர்களுக்கு நல்ல மீன்பாடு கிடைப்பது இதனால்தான்.

மழைக்குப் பின். தை பிறந்து சம்பா அறுவடைக்குத் தயாராகும்போது கழியில் விதைப்பு நடக்கிறது. வண்டல் படிந்து நீர் தெளியத் தொடங்கும். வெள்ளம் கொண்டுவந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் இருக்கும். இப்போது வெயிலும் உள்ளே புகும். கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகும். அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும். அந்த நேரத்தில் கடலில் பொரித்த குஞ்சுகள் ஏற்றநீரோடு உள்ளே வருகின்றன. அரிசி அளவு இறால் குஞ்சும், விரல் நகமளவு மடவைக் குஞ்சும் ஓடையோரம் திரளும். படகுத்துறைப் படிக்கட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தாலே, கரையை ஒட்டி ஊசி ஊசியாக நகர்வது தெரியும்.

இறால் கழியில் முட்டையிடுவதில்லை. தாய் இறால் கடலில்தான் முட்டையிடும். பொரித்தது பல உருவம் மாறி, சில வாரங்களில் குஞ்சாகி, ஏற்றநீரைப் பிடித்துக் கழிக்குள் நுழையும். சில மாதம் இங்கே தின்று வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். விதைப்பது கடல், வளர்ப்பது கழி, அறுப்பது மறுபடி கடல். கடலில் விசைப்படகு பிடிக்கும் வெள்ளை இறாலுக்குப் பிச்சாவரம் போன்ற கழிகள்தான் நாற்றங்கால்.

கோடை. சித்திரை, வைகாசியில் ஆறுகள் வறண்டுவிடும். கான்சாகிப் வாய்க்காலில் வடிநீர் நின்றுபோகும். கழி முழுக்கக் கடல்நீராகவே ஆகிவிடும். ஆழம் குறைந்த உள் ஓடைகளில் வெயில் நீரை இழுப்பதால், உப்பு கடலையும் மிஞ்சும். கழி இப்போது கடலின் ஒரு கை போல நீண்டு கிடப்பதால் கடல் மீன்கள் தாராளமாக உள்ளே வரும். காரல், கிழங்கான், ஊடகம், கீச்சான், செப்பிலி, கலவாவின் குட்டிகள் என்று வகை கூடும். பால்கெண்டையின் குஞ்சுகள் இந்தக் கிழக்குக் கரைக்கு வருவதும் கோடை மாதங்களில்தான். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாள்களில் சந்தைக்கு வரும் மீனில் கழி மீனுக்குத் தனி மதிப்பு.

மழைக்கு முன். ஆடி, ஆவணியில் மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்துசேரும் அளவைப் பொறுத்துக் கழி மாறும். கொள்ளிடத்தில் உபரி நீர் திறந்த ஆண்டில் கழியின் தென்பகுதி சற்று நன்னீராகும். திறக்காத ஆண்டில் கோடையே நீளும். தென்மேற்குப் பருவத்தின் அலை மணலை வடக்கே தள்ளுவதால் கடலுக்குத் திறக்கும் வாய் குறுகும். வாய் குறுகினால் ஏற்றநீர் குறையும்; உள்ளே வரும் குஞ்சும் குறையும். அந்த மணலை வெட்டித் தள்ளும் வலு ஐப்பசி வெள்ளத்துக்குத்தான் உண்டு.

வந்து போகிறவர்களும் வீட்டுக்காரர்களும்

எல்லா மீனும் வந்து போவதில்லை. சேற்றில் துள்ளித் திரியும் சேற்று மீனும், சேத்துக்கெண்டையும் ஆண்டு முழுக்க இங்கேயே இருக்கும். கேரளத்தில் கரிமீன் என்று பெரும் விலைக்குப் போவது இந்தச் சேத்துக்கெண்டைதான். வெள்ள நீரிலும் கோடை உப்பிலும் அது சமாளிக்கும். கடல் மீன் உப்பு நீரைக் குடித்து, மிச்ச உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. நன்னீர் மீன் அதற்கு நேர்மாறாக, உடலில் சேரும் தண்ணீரை வெளியேற்றி உப்பைப் பிடித்து வைக்கிறது. கழி மீனுக்கு இரண்டு வேலையும் தெரியும். உவரையும் வெள்ளத்தையும் தாங்கும் நெல் ரகம் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இவற்றில் விசித்திரமானது கொடுவா. முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு நீரில் பிறந்து, ஏற்றத்தோடு கழிக்குள் வந்து வளரும். முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும். அதனால் பெரிய கொடுவா பெரும்பாலும் தாய் மீன். பெரிதைப் பிடித்துவிட்டோம் என்று மகிழும்போது, ஒரு விதைக்கோட்டை காலியாகிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இந்தக் கழியை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்களில் இருளர் குடும்பங்கள் முக்கியமானவர்கள். வற்றநீரில் ஆணும் பெண்ணும் மார்பளவு நீரில் இறங்கி, சேற்றைத் தடவி வெறும் கையால் இறாலையும் நண்டையும் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். கைக்கு அகப்படுவது விற்கும் அளவுள்ள இறால் மட்டும்தான். அரிசி அளவுக் குஞ்சு தப்பிவிடும். கொசுவலைத் துணி போட்டு இழுத்தால் அப்படி இல்லை. ஒரு கிலோ இறாலாக வேண்டிய குஞ்சு ஒரு கைப்பிடியில் கருவாடாகிவிடும்.

இலையே எரு

கழியில் எரு யாரும் இடுவதில்லை. அலையாத்தி மரங்களின் இலை ஆண்டு முழுக்க உதிர்கிறது. நண்டுகள் அதைக் கிழித்துத் தின்கின்றன. மிச்சத்தைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் மட்க வைக்கின்றன. அந்த மட்கைத்தான் இறாலும் மடவையும் மேய்கின்றன. இலை விழும் இடத்திலேயே வேர்க்காடும் இருப்பதால் குஞ்சுகளுக்குத் தீனியும் ஒளிவிடமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. பெரிய மீன் உள்ளே நுழைய முடியாது. பறவையின் அலகு எட்டாது.

மரம் போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. முன்பு வனத்தைப் பகுதி பகுதியாக முழுக்க வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, மண் அமிழ்ந்து, பள்ளமானது. உள்ளே வந்த ஏற்றநீர் வடிய வழியில்லாமல் தேங்கி ஆவியானது. உப்பு மட்டும் மண்ணில் ஏறிக்கொண்டே போனது. விதை விழுந்தாலும் முளைக்காத களர் ஆனது. வடிகால் இல்லாத வயலில் உப்புப் பூப்பதைப் பார்த்த விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தீர்வும் வயலில் செய்வதுதான். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களுமாக மீன் முள் வடிவில் வெட்டினார்கள். ஏற்றநீர் வந்து வடிந்தது. உப்பைக் கழுவிக்கொண்டு போனது. வாய்க்கால் கரையில் வெண்கண்டல் நட்டார்கள். மரம் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் அலையின் வேகம் தணிந்தது. அதன் பிறகு அலையாத்தியை வெறும் விறகுக்காடு என்று சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா?

கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போதெல்லாம், இத்தனை தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறதே என்ற வருத்தம் டெல்டா முழுக்கக் கேட்கும். கருகும் பயிருக்கு முன்னால் நிற்கிறவரின் வருத்தம் அது, அதில் தவறில்லை. ஏரி, குளம் நிரம்பாமல் வெள்ளம் ஓடினால் அது இழப்புதான்.

ஆனால் பிச்சாவரத்தில் நின்று பார்த்தால், கடலை அடையும் தண்ணீர் வழியில் செய்யும் வேலைகளும் தெரியும். அது வண்டலையும் சத்தையும் தருகிறது. உப்பைக் கழுவுகிறது. முகத்துவாரத்து மணலை வெட்டி வாயைத் திறக்கிறது. பருவம் வந்த இறாலைக் கடலுக்கு அனுப்புகிறது. அடுத்த தலைமுறைக்கு இடம் ஒழித்துத் தருகிறது. இவற்றோடு, விவசாயிக்கு நேராகச் செய்யும் உதவி ஒன்றும் உண்டு. ஆற்றில் நல்ல தண்ணீர் இறங்கி வரும்வரைதான் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் இருக்கும். ஆறு வறண்டால் உப்பு மேற்கே நகரும். கரையோர ஆழ்குழாய்க் கிணறு உவர்க்கும். கிள்ளைப் பக்கத்து வயலுக்கும் கழியின் மீனுக்கும் எதிரி ஒன்றே.

கொள்ளிடத்தின் கடைப்பகுதியில் உப்புநீரைத் தடுக்கக் கதவணை வேண்டும் என்பது கடைமடை விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. கோரிக்கை நியாயமானது. அப்படிக் கட்டப்படும் எந்தக் கதவணையிலும், கதவை எந்த மாதத்தில் எவ்வளவு திறப்பது என்பதைப் பேசும்போது கழியின் பட்டத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். ஆண்டு முழுக்க மூடிய கதவு உப்பைத் தடுக்கும். மீனின் வழியையும் தடுக்கும்.

வயலிலிருந்து கழிக்கு

கழியைக் காப்பதில் அரசு செய்ய வேண்டியது ஒரு பங்கு. வாய்க்கால் மேட்டில் உள்ள விவசாயியின் கையில் இருப்பது இன்னொரு பங்கு.

சம்பாவில் பூச்சிமருந்து அதிகம் அடிக்கும் மாதங்களும், வடிகால் அதிகம் ஓடும் மாதங்களும் ஒன்றுதான். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கும், அதைவிட இறால், நண்டுக்கும் கொடிய நஞ்சு. மிகக் குறைந்த அளவே குஞ்சைக் கொல்லப் போதும். இந்த மருந்துகளை நெல்லுக்கு அடித்தால் புகையான் அடங்காமல் மறுபடி பெருகும் என்பதும் தெரிந்த விஷயம். ஆகவே அடிக்காமல் இருப்பதே பயிருக்கும் லாபம்.

கடைமடையில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை:

• பூச்சியைப் பார்த்தவுடன் மருந்து வாங்காமல், தூருக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்து, பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும் அடிக்க வேண்டும். விளக்குப்பொறியும் வேப்பங்கொட்டைக் கரைசலும் முதலில்.

• மழை வரும் அறிகுறி இருக்கும் நாளில் மருந்து அடிக்கக் கூடாது. அடித்த பிறகு ஒரு வாரமாவது வடிகால் மடையைத் திறக்காமல் இருப்பது நல்லது.

• மருந்து டப்பாவையும் தெளிப்பானையும் வாய்க்காலில் கழுவக் கூடாது.

• யூரியாவை ஒரே முறையில் கொட்டாமல் பிரித்து இட்டால், வெள்ளத்தில் ஓடுவது குறையும், செலவும் குறையும்.

உவர் நிலத்தில் மீன் வளர்க்க நினைப்பவர்களுக்கு

கரையோரத்தில் பயிர் வராத உவர் நிலம் வைத்திருப்பவர்கள் என்ன மீன் விடலாம் என்று கேட்பதுண்டு. கழியின் நாள்காட்டியே வழி சொல்லும். மழையில் உப்பு இறங்கி, கோடையில் ஏறும் குளத்துக்கு இரண்டையும் தாங்கும் மீன்தான் பொருந்தும். கொடுவா, மடவை, பால்கெண்டை, சேத்துக்கெண்டை நான்கும் அப்படிப்பட்டவை. கொடுவா மற்ற மீனைத் தின்னும். அளவு மாறினால் தன் இனத்தையே தின்னும். அடிக்கடி அளவு பிரித்து விட வேண்டும். மடவையும் பால்கெண்டையும் பாசியையும் மட்கையும் மேய்வதால் தீவனச் செலவு குறைவு.

குஞ்சைக் கழியில் கொசுவலை போட்டு அள்ள வேண்டாம். வேண்டிய ஒரு குஞ்சுக்காக வேண்டாத பல குஞ்சுகள் கரையில் சாகும். கொடுவாக் குஞ்சைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்யும் முறையை மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-லேயே நம் நாட்டில் கொண்டுவந்துவிட்டது. சீர்காழிப் பக்கம் திருமுல்லைவாசல் அருகே ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் கொடுவாப் பொரிப்பகம் இருக்கிறது. உவர்நீர்க் குளம் வெட்டுவதற்கு முன் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்வது கட்டாயம். நெல் விளையும் நிலத்தின் பக்கத்தில் உப்புநீரைத் தேக்கினால் அண்டை வயல் கெடும். அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு.

பிச்சாவரத்துக்குப் போகிறவர்கள் ஒரு முறை தையிலும் ஒரு முறை சித்திரையிலும் போய்ப் பார்க்கலாம். வற்றம் தொடங்கும் நேரமாகப் பார்த்து, படகுக்காரரிடம் சொல்லி உள் ஓடை ஒன்றில் துடுப்பை நிறுத்தச் சொன்னால் போதும். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே நீர் மெல்ல இறங்கும். வேரை விட்டு வெளியே வரும் குஞ்சுகள் ஓடையின் ஓரத்தில் வரிசை கட்டும். திரும்பும் வழியில் அதே தண்ணீரின் மறுமுனை, கிள்ளைச் சாலையோரத்து வயல் மடையில் தெரியும்.